ஃபேன்டசி புக்கிங்: வாரா வாரம் விடாமல் எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முடிவுகளை முன்கூட்டியே எழுதி நடத்தும் மல்யுத்த நிகழ்ச்சி பார்க்கிற எல்லோருமே மனசுக்குள் புக்கர்கள்தான். ஒரு மேட்ச் தப்பாக முடிந்தால் போதும், "இவனை ஜெயிக்க வச்சிருக்கணும், அடுத்த மாசம் அவனை உள்ளே இறக்கியிருக்கணும்" என்று அப்போதே பாதிக் கதை தயாராகிவிடும். யாரை யாரோடு மோதவிடுவது, யார் ஜெயிப்பது, பெல்ட் (சாம்பியன் பட்டம்) யாரிடம் எவ்வளவு காலம் இருப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்யும் வேலைக்குத்தான் புக்கிங் என்று பெயர். அதை ஒரு ரசிகர் தன் கற்பனையில், தன் நோட்டில் செய்தால் ஃபேன்டசி புக்கிங்.

இப்படித் தொடங்கும் தொடர்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று ஷோவுக்கு அமர்க்களமாகப் போகும். அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். எழுதுகிறவரைக் கேட்டால் யோசனைகள் இன்னும் மண்டை நிறைய இருக்கும். தீர்ந்துபோவது யோசனை இல்லை, பழக்கம்தான் அமையவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: வாராந்திர ஷோவை எழுதுகிறீர்கள் என்றால் அதை வாராந்திர ஷோவாகவே நடத்துங்கள். குறிப்பிட்ட கிழமையில் ஷோ வெளியாக வேண்டும். வெளியானது வெளியானதுதான், பழைய வாரத்துக்குத் திரும்பிப்போய்த் திருத்தக் கூடாது. நாவல் எழுதுகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் புக்கருக்குக் கிடையாது. இந்தக் கலையின் ருசியே அந்த நெருக்கடியில்தான் இருக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் வெறும் விதியாகத் தொங்காமல் இருக்க, ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன். மல்யுத்த ரசிகர்கள் அதிகமாகத் திருத்தி எழுதிய கதைகளில் ஒன்று: 2001இன் இன்வேஷன், அதாவது விலைக்கு வாங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் வீரர்கள் வாங்கிய நிறுவனத்துக்குள் படையெடுக்கும் கதை.

கதை பிரியும் நாளைக் குறியுங்கள்

2001 மார்ச் 23 அன்று டபிள்யூசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தை அதன் போட்டி நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஈ) வாங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. மார்ச் 26 அன்று ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் டபிள்யூசிடபிள்யூவின் வாராந்திர ஷோவான நைட்ரோ கடைசியாக நடந்தது. அன்று இரவு புக்கர் டி என்ற வீரர், ஸ்காட் ஸ்டைனரைத் தோற்கடித்து உலகப் பட்டத்தை எடுத்தார், யு.எஸ். பட்டமும் அப்போது அவரிடமே இருந்தது. ஏப்ரல் 1 அன்று ஹூஸ்டனில் நடந்த டபிள்யூடபிள்யூஎஃப்பின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் அதன் நட்சத்திரம் ஸ்டீவ் ஆஸ்டின், முதலாளி வின்ஸ் மெக்மேனோடு கைகோத்து ஹீல் (வில்லன்) ஆனார். ஜூலை 22 அன்று க்ளீவ்லண்டில் இன்வேஷன் பே-பெர்-வியூ (தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் பெரிய நிகழ்ச்சி). நவம்பர் 18 சர்வைவர் சீரிஸோடு எல்லாம் முடிந்துவிட்டது. பல வருடம் ரசிகர்கள் கனவு கண்ட இரு நிறுவன மோதல், ஒரே வருடத்துக்குள் கரைந்துபோனது.

இதைத் திருத்தி எழுத உட்காரும் பலர் செய்யும் முதல் வேலை, டபிள்யூசிடபிள்யூவின் பெரிய நட்சத்திரங்களான கோல்ட்பர்க், ஸ்டிங், ஹோகன், நாஷ், ஃப்ளேர் எல்லோரையும் முதல் நாளே அரங்கத்துக்குள் இறக்கிவிடுவது. உண்மையில் அவர்கள் ஏன் வரவில்லை? அவர்களுடைய ஒப்பந்தங்கள் டபிள்யூசிடபிள்யூவின் தாய் நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னரோடு இருந்தன. வீட்டில் இருந்தபடியே சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஃப்ளேர் 2001 நவம்பர் 19இல் வந்தார். ஹோகனும் நாஷும் 2002 பிப்ரவரியில் வந்தார்கள். கோல்ட்பர்க் வர 2003 மார்ச் கடைசி ஆனது. ஸ்டிங் வந்ததோ 2014 நவம்பரில். இந்த ஒப்பந்தக் கட்டை ஒரே வரியில் அவிழ்த்துவிட்டால் எழுதுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. பெரிய பெயர்களை அடுக்கினால் கார்டு (மேட்ச் பட்டியல்) அழகாக இருக்கும், கதை இருக்காது.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வாக்கியம் மட்டும் எழுதுங்கள். முதலாவது, எந்த நாள்வரை நடந்ததெல்லாம் நடந்தபடியே இருக்கும் என்பது. இரண்டாவது, நீங்கள் மாற்றப்போகும் அந்த ஒரே விஷயம். என் உதாரணத்தில் அது இப்படி:

"2001 மே மாதம் முடியும்வரை எல்லாம் நடந்தபடியே. அதற்குப் பிறகு வரும் டபிள்யூசிடபிள்யூ ஆட்கள், முதலாளி மெக்மேன் குடும்பச் சண்டையின் அடியாட்களாக வராமல், வேலை பறிபோனவர்களின் கோபத்தோடு வருகிறார்கள்."

இவ்வளவுதான். ஒப்பந்தங்கள் மாறாது. மே 21 அன்று தொடைத் தசை கிழிந்த டபிள்யூடபிள்யூஎஃப் நட்சத்திரம் ட்ரிபிள் எச் 2002 ஜனவரிவரை இல்லை. கையில் இருப்பது புக்கர் டி, டைமண்ட் டல்லஸ் பேஜ், லான்ஸ் ஸ்டார்ம், மைக் ஆஸம், பில்லி கிட்மன், ஷான் ஒஹேர், சக் பலம்போ மாதிரியான ஆட்கள். இவர்களை வைத்து ஜெயிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கடினமான முடிவையும் எடுத்துவிடுங்கள். 2007க்கு முந்தைய காலத்தை எழுதுகிற எவரும் கிறிஸ் பென்வா என்ற வீரரின் பெயரைச் சந்தித்தே ஆக வேண்டும். 2007 ஜூனில் அவர் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவரை ஹீரோவாக வைத்துக் கதை எழுத எனக்கு மனம் வராது, படிக்கவும் வராது. 2001இல் கழுத்துக் காயத்தால் ஜூன் கடைசியிலிருந்து அவர் களத்திலேயே இல்லை என்பதால் நம் உதாரணத்தில் இந்தச் சிக்கல் எழாது. வேறு வருடம் எழுதுகிறவர்கள் முதல் வாரத்துக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அதேபோல வீரர்களின் சொந்த வாழ்க்கை, விவாகரத்து, உடல்நலம், சாவு இவற்றைக் கதைப் பொருளாக்காதீர்கள். நாம் எழுதுவது அரங்கத்தில் நிற்கும் பாத்திரத்தை.

கடைசி மேட்சிலிருந்து பின்னோக்கி நடங்கள்

அடுத்தது நாட்காட்டி. அந்த வருடத்தின் பே-பெர்-வியூ தேதிகளையும் ஊர்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஜூன் 24 கிங் ஆஃப் தி ரிங், ஈஸ்ட் ரதர்ஃபோர்ட். ஜூலை 22 க்ளீவ்லண்ட். ஆகஸ்ட் 19 சம்மர்ஸ்லாம், சான் ஹோசே. செப்டம்பர் 23 அன்ஃபர்கிவன், பிட்ஸ்பர்க். அக்டோபர் 21 நோ மெர்ஸி, செயின்ட் லூயிஸ். நவம்பர் 18 சர்வைவர் சீரிஸ், க்ரீன்ஸ்பரோ.

ஊர் பெயரை எழுதச் சொல்வதில் காரணம் இருக்கிறது. க்ரீன்ஸ்பரோ வட கரோலினாவில் இருக்கிறது. டபிள்யூசிடபிள்யூவின் வேர் ஊன்றிய மண். பின்னாளில் டபிள்யூசிடபிள்யூவின் பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட், 1983இல் முதன்முதலாக நடந்தது அந்த ஊரில்தான். அப்படியென்றால் அங்கே கூட்டம் யார் பக்கம் கத்தும்? வீட்டிலேயே விருந்தாளியாகிப்போன டபிள்யூசிடபிள்யூ சாம்பியனின் பக்கம். ஆஸ்டினோ ஏப்ரலிலிருந்து ஹீல். கடைசி மேட்ச் தானாகவே விழுகிறது: நவம்பர் 18, க்ரீன்ஸ்பரோ, ஆஸ்டின் எதிர் புக்கர் டி, இரண்டு பெல்ட்டும் பணயம்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். நவம்பரில் புக்கர் டி ஜெயிப்பார் என்று ரசிகன் நம்ப வேண்டுமானால் அதற்கு முந்தைய மாதம் அவர் ஒரு பெரிய ஆளை எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் வீழ்த்தியிருக்க வேண்டும். அக்டோபர் 21, அண்டர்டேக்கர். அதற்கு முன் ஆகஸ்டில் தி ராக். உண்மையில் அந்த சம்மர்ஸ்லாமில் ராக் புக்கரை வென்று டபிள்யூசிடபிள்யூ பட்டத்தையே எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டத்தின் மதிப்பு அன்றோடு போயிற்று என்பது என் கணிப்பு. நம் கதையில் ராக் கவுண்ட்-அவுட்டில் (எண்ணி முடிப்பதற்குள் எதிராளி ரிங்குக்குள் திரும்பாததால்) ஜெயிக்கட்டும். பெல்ட் புக்கரிடமே இருக்கட்டும். ஜூலையில் ஆஸ்டினும் புக்கரும் ஒரே அரங்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் ஒருவர் மேல் ஒருவர் விரல்கூட வைக்கக் கூடாது. அந்த முதல் அடியை நவம்பருக்கு மிச்சம் வையுங்கள்.

செப்டம்பர் வேறு மாதிரி. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த வாரம் அது. டபிள்யூடபிள்யூஎஃப்பின் வாராந்திர ஷோக்களில் ஒன்றான ஸ்மாக்டவுன் உண்மையில் 13ஆம் தேதி ஹூஸ்டனிலிருந்து நேரலையாக நடந்தது. ஃபியூட் (வீரர்களுக்குள் நடக்கும் பகைக் கதை) எல்லாம் ஓரம்போய், வீரர்கள் தங்கள் மனசைப் பேசினார்கள். அந்த வாரத்துக்கு நீங்கள் எதுவும் எழுதாதீர்கள். நோட்டில் தேதி மட்டும் இருக்கட்டும். 23ஆம் தேதி பிட்ஸ்பர்கில், சொந்த ஊரில், ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள் ஆஸ்டினை வென்று பட்டத்தைத் தூக்கினார். அந்த நேரத்தில் அந்த நாட்டுக் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது அதுதான். அதை மாற்ற யாருக்கும் தேவையில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஆஸ்டின் பட்டத்தைத் திரும்ப எடுத்ததும் அப்படியே இருக்கட்டும். நம் நவம்பருக்கு அது தோதாகவே அமைகிறது. நல்ல புக்கிங் என்பது நடந்ததில் எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருப்பதும்தான்.

இந்த ஆறு தேதிக்கும் தலா இரண்டு வரி. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். நடுவில் இருக்கும் வாரங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்தால் எழுதும்போது உங்களுக்கே சலித்துவிடும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

அமெரிக்காவில் கிழக்கு நேரப்படி திங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கும் வாராந்திர ஷோவான ரா, நமக்குச் செவ்வாய் விடியற்காலை. அங்கே கோடை நேரம் என்றால் 5:30, குளிர்கால நேரம் என்றால் 6:30. நீங்கள் இப்போதைய டபிள்யூடபிள்யூஈயையே எழுதுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு முக்கியம். உங்கள் ஷோ திங்கள் இரவே முடிந்து மூடப்பட்டிருக்க வேண்டும். செவ்வாய் காலை உண்மை ராவைப் பார்த்த பிறகு எழுதினால், உங்களுக்குத் தெரியாமலே அவர்கள் கதை உங்கள் கதைக்குள் கசிந்துவிடும். 2001 மாதிரி பழைய காலத்தை எழுதுகிறவருக்கும் திங்கள் இரவுக் கெடு நல்லதுதான்; வார இறுதி முழுவதும் கையில் இருக்கும்.

எனக்குப் பொருந்திய பிரிப்பு இது. செவ்வாய் எழுதுவதில்லை. புதன்கிழமை அரை மணி நேரம் கணக்குப் புத்தகம் மட்டும் (அதைப் பற்றிக் கீழே). வியாழன் அல்லது வெள்ளி, கார்டு: எந்த மேட்ச், எந்த வரிசை, எந்த முடிவு, ஒவ்வொன்றும் ஒரே வரியில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒவ்வொரு அமர்வு, முழு எழுத்து. திங்கள் இரவு ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பிழை திருத்தி, மூடிவிடுவது.

கார்டு போடும் நாளும் எழுதும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முடிவுகளை யோசிக்கும் மூளை வேறு, வசனம் யோசிக்கும் மூளை வேறு. இரண்டையும் ஒரே அமர்வில் ஓட்டினால், ஒரு நல்ல வசனம் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக ஜெயிக்கக் கூடாதவனை ஜெயிக்க வைத்துவிடுவீர்கள்.

பேருந்தில், குளிக்கும்போது, தூக்கம் வராத நேரத்தில் யோசனை வரும். ஃபோனில் அதற்கென ஒரு தனிக் குறிப்பு வைத்து அதில் போட்டுவிடுங்கள். ஆனால் அன்று வந்த யோசனை இந்த வார ஷோவுக்குள் போகக் கூடாது. ஒரு வாரம் ஊறட்டும். அடுத்த புதன்கிழமை படிக்கும்போதும் நெஞ்சு படபடத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கட்டுப்பாடே தேவையில்லாத டர்ன்களையும் (ஹீரோ வில்லனாவது, வில்லன் ஹீரோவாவது) திடீர் துரோகங்களையும் பாதிக்கு மேல் குறைத்துவிடும்.

வேலை, பரீட்சை, காய்ச்சல் என்று ஒரு வாரம் எழுத முடியாமல் போகும். அடுத்த வாரம் இரண்டு ஷோ எழுதிச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். தொடர் படுத்துவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த வாரத்துக்கு முடிவுகளை மட்டும் ஐந்தாறு வரியில் எழுதித் தேதி போட்டு மூடுங்கள். ஷோ நடந்தது, நீங்கள் விரிவாக எழுதவில்லை, அவ்வளவுதான். படிப்பவர்களுக்கும் அது உறுத்தாது.

ஒரு ஷோவின் உள்கட்டு

2001இல் ரா 2 மணி நேர நிகழ்ச்சி. மூன்று மணி நேரமானது 2012 ஜூலையில்தான். விளம்பரம் போக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் ப்ரோமோவும் (வீரர் மைக் பிடித்துப் பேசுவது) உள்ளே வருகிற நேரமும் சேர்ந்து பதினைந்து நிமிடம், மெயின் ஈவெண்டும் (கடைசிப் பெரிய மேட்ச்) அதன் பின்விளைவும் இருபது நிமிடம் போனால் மிச்சம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதில் நான்கு மேட்ச், இரண்டு மூன்று பின்னரங்கக் காட்சி. பத்து மேட்ச் கார்டு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. நேரம் போதாது என்ற நெருக்கம் வந்தால்தான் யாரை இந்த வாரம் விடுவது என்று யோசிப்பீர்கள். அந்த யோசனையில்தான் கதை கூர்மையாகும்.

எழுதும் வரிசை: முதலில் கடைசிக் காட்சி, அடுத்து தொடக்கக் காட்சி, அப்புறம் நடுப்பகுதி. ஷோ மூடும் படம் எது என்று தெரிந்தால், தொடக்கத்தில் அதற்கு எதை விதைக்க வேண்டும் என்று தெரியும்.

டைமண்ட் டல்லஸ் பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூசிடபிள்யூவில் அவர் மக்களோடு மக்களாக நின்ற சாம்பியன். 2001 ஜூன் 18 அன்று டபிள்யூடபிள்யூஎஃப் அவரை அறிமுகப்படுத்தியது அண்டர்டேக்கரின் மனைவியைப் பின்தொடர்ந்து படம்பிடிக்கும் ஆளாக. அவரை நேசித்த ரசிகர்களுக்கு அதில் ஒட்டிக்கொள்ள எதுவுமே இல்லை. நம் கதையில் அவர் வரும் வாரத்தைப் பார்ப்போம். ஷோ மூடும் படம்: காலியான அரங்க இருக்கைகள் நடுவே, டிக்கெட் வாங்கிய சாதாரண ஆளாகப் பேஜ் உட்கார்ந்திருக்கிறார், கேமரா அவர் முகத்தில் நிற்கிறது. இது முடிவு என்றால் தொடக்கத்தில் என்ன வேண்டும்? ஆஸ்டின் ப்ரோமோவின்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை மட்டும் எழுந்து நிற்காமல், கத்தாமல் இருக்க வேண்டும். வர்ணனையாளர்கள் அதைக் கவனிக்கக் கூடாது. நடுவில் ஒருமுறை, ஒரு மிட்-கார்டு (நடுத்தர வீரர்களின்) மேட்ச் முடியும்போது அதே இருக்கை காலியாகத் தெரிய வேண்டும். இந்த மூன்று வரியும் மொத்த ஷோவில் நாற்பது வார்த்தைகூட வராது. ஆனால் வாசகன் அடுத்த வாரம் வருவது அதற்காகத்தான்.

மேட்சில் எதை எழுதுவது, எதை விடுவது

ஒவ்வொரு பூட்டையும் ஒவ்வொரு வீச்சையும் வரிசையாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு இருக்கும் வேகம் எழுத்தில் வராது. ஒரு மேட்சுக்கு மூன்று விஷயம் போதும்: முதலில் யார் கை ஓங்கியது, எந்த இடத்தில் மாறியது, எப்படி முடிந்தது. ஃபினிஷுக்கு மட்டும் நின்று எழுதுங்கள். அக்டோபர் 21, செயின்ட் லூயிஸ், நம் நோட்டில்:

"அண்டர்டேக்கர் தோளுக்கு மேல் தூக்குகிறார், லாஸ்ட் ரைட். புக்கர் அந்த உயரத்திலிருந்தே நெற்றியில் குத்துகிறார், ஒன்று, இரண்டு, மூன்றாவதில் பிடி நழுவுகிறது. காலில் இறங்குகிறார். பேஜ் ரிங் ஓரத்தில் நாற்காலியோடு நிற்கிறார். புக்கர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறார். பேஜ் நாற்காலியைக் கீழே வைக்கிறார். திரும்பும் அண்டர்டேக்கரின் வயிற்றில் உதை, கயிற்றில் ஓடி சிஸர்ஸ் கிக். மூன்று எண்ணிக்கை. வழக்கமான ஸ்பினரூனி ஆட்டம் ஆடவில்லை. பெல்ட்டை வாங்கிக்கொண்டு நடக்கிறார்."

அந்த நாற்காலிதான் இந்த ஃபினிஷின் உயிர். உதவி கிடைத்தும் மறுத்தான் என்பது ஒரே பார்வையில் புரிகிறது. ஃபினிஷைப் பற்றி எனக்குத் தெரிந்த உறுதியான விதி இதுதான்: ரசிகன் அதைப் பக்கத்து ஆளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். 1997 டிசம்பர் 28 ஸ்டார்கேடை நினைத்துப் பாருங்கள். ஸ்டிங் ஒரு வருடத்துக்கு மேல் மேட்சே ஆடாமல், அரங்கத்தின் கூரையில் பேசாமல் நின்று ஹோகனுக்காகக் காத்திருந்தார். அப்படி ஒரு பொறுமையை அந்தக் காலத் தொலைக்காட்சியில் வேறு எங்கும் காட்ட முடியாது. ஆனால் அந்த இரவில் நடுவர் வேகமாக எண்ணி ஏமாற்றுவதாக இருந்த இடத்தில் எண்ணிக்கை சாதாரணமாகவே வந்தது. பார்த்தவர்களுக்கு ஹோகன் நேர்மையாக ஜெயித்தது மாதிரி ஆகிவிட்டது. பிரெட் ஹார்ட் வந்து மேட்சைத் திரும்ப நடத்த வைத்து, ஸ்டிங் ஜெயித்தும், ஒரு வருட உழைப்பின் பலன் கையில் நிற்கவில்லை. எழுத்தில் நமக்கு அந்த ஆபத்து இல்லை, நடுவர் நாம் சொன்னபடிதான் எண்ணுவார். அந்த வசதி இருந்தும் குழப்பமான ஃபினிஷ் எழுதினால் அதற்குச் சாக்கு கிடையாது.

டிஸ்குவாலிஃபிகேஷன், ரன்-இன் (வேறொரு ஆள் ஓடிவந்து தலையிடுவது), நடுவர் மயங்கி விழுவது எல்லாம் கைவசம் இருக்கட்டும். ஒரு ஷோவில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ப்ரோமோ: காதால் எழுதுங்கள்

தமிழில் எழுதும்போது ப்ரோமோதான் கழுத்தைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற வசனங்களைத் தமிழாக்கி ஆஸ்டின் வாயில் வைத்தால் டப்பிங் படம் மாதிரி இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவருடைய பேச்சின் நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் துண்டு துண்டாகப் பேசுபவர், ஒரு வாக்கியத்தில் ஒரு மிரட்டல். ராக் கூட்டத்தை இழுத்து, நிறுத்தி, பதில் சொல்ல வைத்து, அப்புறம் மேலே போவார். ஆங்கிள் தன் பதக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தான் எவ்வளவு நல்லவன் என்று அவரே விளக்கிக்கொண்டு போவார். இந்த நடையைப் பிடித்துவிட்டால் பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார் என்று தெரியும். தெரியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். மூவ்களின் பெயரை மட்டும் அப்படியே வையுங்கள். ஆஸ்டினின் ஸ்டன்னரை மொழிபெயர்த்துப் பயனில்லை.

எழுதுவதற்கு முன் ஒவ்வொரு ப்ரோமோவுக்கும் மூன்று கேள்வி: இவனுக்கு என்ன வேண்டும், ஏன் இன்றைக்கே வேண்டும், கடைசியில் எந்த மேட்சை விற்கிறான். புக்கர் டியின் முதல் ப்ரோமோவுக்கு என் நோட்டில் இருப்பது: கடைசி நைட்ரோவில் பட்டம் வாங்கிய இரவே நிறுவனம் இல்லாமல் போனது, தன்னோடு இருந்தவர்களில் பலருக்கு இன்று வேலை இல்லை, ஆகவே இந்த பெல்ட்டை எந்த முதலாளியின் கையிலும் கொடுக்க மாட்டேன். இதில் அவர் சத்தம் போட வேண்டிய தேவையே இல்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

கணக்குப் புத்தகம்

புதன்கிழமை அரை மணி நேரம் எதற்கு என்றால் இதற்கு. எக்செல் ஷீட்டோ கட்டம் போட்ட நோட்டோ, எதுவானாலும் சரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி: கடைசியாக எந்த வாரம் தெரிந்தார், யாரிடம் ஜெயித்தார் அல்லது தோற்றார், எப்படி முடிந்தது, இப்போது யார் மேல் கோபம். மூன்று வாரமாக ஒருவர் எங்குமே வரவில்லை என்றால் சிவப்பு மை.

இது சின்ன விஷயம் இல்லை. கோல்ட்பர்கின் தோல்வியே இல்லாத வரிசையை டபிள்யூசிடபிள்யூ எண்ணிக் காட்டிக்கொண்டே போனது. எண்ணிக்கை நடந்த மேட்சுகளைவிட வேகமாக ஏறுவதைக் கணக்கு வைத்திருந்த ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். 1998 டிசம்பர் 27இல் நாஷிடம் தோற்றபோது 173 வெற்றி என்று சொல்லப்பட்டது. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை குறைந்துபோன ஒரு எண் அது. உங்கள் வாசகர்களும் கணக்கு வைத்திருப்பார்கள், நம்புங்கள்.

பட்டங்களுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். அதில் ஒரு கடைசிக் கட்டம் சேருங்கள்: இந்த மாதம் உங்களுக்குப் பிடித்த ஆள் எத்தனை மேட்ச் ஜெயித்தார். அந்த எண்ணைப் பார்த்தாலே போதும், சொல்லித்தர ஆள் தேவையில்லை.

காயம், விலகல், எதிர்பாராதது

உண்மைப் புக்கிங்கின் நாடித்துடிப்பு விபத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் முஸ்தபா அலி காயமடைந்ததால்தான் எலிமினேஷன் சேம்பர் மேட்சுக்குள் கோஃபி கிங்ஸ்டன் வந்தார். அந்த இடத்தை நிரப்ப வந்தவர் ஏப்ரல் 7இல் ரெஸில்மேனியாவில் டேனியல் பிரையனைத் தோற்கடித்து உலக சாம்பியனானார். எந்தப் பெரிய திட்டத்திலிருந்தும் அந்தப் பதினோரு வருடக் காத்திருப்பின் கண்ணீரை எடுத்திருக்க முடியாது. கோடி ரோட்ஸ் 2022 ஜூனில் கிழிந்த மார்புத் தசையோடு, பாதி உடம்பு கருநீலமாக, ஹெல் இன் எ செல் கூண்டு மேட்சில் இறங்கி ஆடினார். அவரைப் பற்றிய பார்வையே அன்று மாறியது.

எழுதுகிறவருக்கு இந்த விபத்து தானாக வராது, வரவழைக்க வேண்டும். மாதம் ஒருமுறை, கார்டு போடும் நாளில், தாயக்கட்டையோ பகடையோ உருட்டுங்கள். ஆறு பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் ஒருவருக்குக் காயம். யார் என்பதை ரோஸ்டர் (வீரர்கள்) பட்டியலில் சீட்டு எடுத்து முடிவுசெய்யுங்கள். எத்தனை வாரம் என்பதற்கு இன்னொரு உருட்டல். டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் மாதிரியான புக்கிங் விளையாட்டுகளை இதற்கே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. காயத்துக்கும் கூட்டத்தின் வரவேற்புக்கும் அது நல்ல துணை. கதையை அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சீட்டில் புக்கர் டி பெயரே வந்துவிட்டால்? நவம்பர் மேட்ச் போச்சா? இல்லை. ஆறு வாரம் அவர் இல்லாமல் அந்த பெல்ட்டை யார் காப்பது என்ற கேள்வி கதையில் பிறக்கிறது. லான்ஸ் ஸ்டார்ம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகட்டும். பேஜ் புக்கரின் இடத்தில் நிற்கட்டும், நின்றவருக்கு அதை விட மனசு வராமல் போகட்டும். திரும்பிப்போய்ச் சீட்டை மாற்றக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்ததன் பலன் இப்போதுதான் தெரியும்.

எழுத வராத வாரம்

கார்டு இருக்கிறது, உட்கார்ந்தால் வரவில்லை. அப்போது பெரிய ஃபியூடைத் தொடாதீர்கள். கார்டின் மிகச் சின்ன மேட்சை எடுத்து, அதில் தோற்கப்போகிறவன் பக்கம் நின்று எழுதுங்கள். அவன் பின்னரங்கத்தில் ஷூ லேஸ் கட்டும்போது யாரைப் பார்க்கிறான், யார் அவனைப் பார்க்காமல் போகிறார்கள். ஷான் ஒஹேர் மாதிரி உயரமும் வேகமும் இருந்தும் யாரும் சரியாகக் கண்டுகொள்ளாத ஆட்கள் இப்படித்தான் கதைக்குள் வளர்வார்கள். அதுவும் வரவில்லை என்றால் முடிவுகளை மட்டும் எழுதி மூடுங்கள், மேலே சொன்னதுபோல.

தொடரை முடிப்பது

திட்டமிட்ட கடைசி மேட்ச் வந்ததும் முடியுங்கள். வாசகர்கள் கேட்கிறார்கள் என்று இழுத்தால், நீங்கள் கட்டிய முடிவையே நீங்கள் கலைக்க வேண்டிவரும். ஆனால் பே-பெர்-வியூவோடு நிறுத்தாமல் அடுத்த நாள் ராவையும் ஒன்று எழுதுங்கள். 2001 நவம்பர் 19இல், சர்வைவர் சீரிஸுக்கு மறுநாள், சார்லட்டில் ரிக் ஃப்ளேர் நடந்து வந்து பாதி நிறுவனம் தன்னுடையது என்றார். ஒரு கதை மூடிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இன்னொன்று திறந்தது. நம் கதையில் புக்கர் டி முந்தைய இரவு இரண்டு பெல்ட்டோடு அதே மாநிலத்தில் நிற்கிறார். சார்லட்டோ ஃப்ளேரின் ஊர். அவருடைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. அந்த ஷோவுக்கு ஒரே ஒரு மேட்ச் போதும். மிச்ச நேரத்தில் யார் யார் பெட்டி கட்டுகிறார்கள், யார் யார் புதிய அறைக்குள் போகிறார்கள் என்று எழுதுங்கள். புக்கரும் ஃப்ளேரும் சந்திக்கும் காட்சியைக் கடைசியில் வையுங்கள், இருவருக்கும் இடையே என்ன ஒப்பந்தம் என்று சொல்லாமல் தேதி போட்டு மூடுங்கள்.